மைனஸ் ஏழு

அடியே,

கணக்குல முழு மார்க்காமே! வகுப்பே கைதட்டிச்சு. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது.

எக்ஸ் ஸ்கொயர் நாற்பத்தொன்பதுன்னா, ஏழுன்னு மட்டும் எழுதிட்டு நோட்டை மூடிடுவே. மைனஸ் ஏழும் விடைதான்னு உனக்கு ஞாபகமே வராது. ஒரு வருஷமா டீச்சர் மேசையில உன் நோட்டை வைக்கறதுக்கு முன்னாடி நான்தான் அதைச் சேர்த்து எழுதுவேன். திரும்பி வந்த நோட்டுல நீ டிக்கை மட்டும்தானே பார்ப்பே!

போன மாசம் என்னை விட்டுட்டு அந்த முதல் பெஞ்சுக்காரி பக்கத்துல போய் உட்கார்ந்தே. இப்ப அவ எழுதித் தர்றாளோன்னு உன் பரீட்சைத் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். மைனஸ் ஏழு உன் கையெழுத்துலயே இருந்தது.

அவ சொல்லிக்குடுத்திருக்கா.

எனக்கு அது தோணாம இல்லைடி. சொல்லிக்குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு உனக்கு?

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரி