எட்டுப் பாட்டிலும் ஒரு விசில்

பிப்ரவரி 3

வாத்தியாரம்மாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. தனியாக ஓர் ஆல்பம் போடப் போகிறேன்.

முப்பது வருடம் நாலு பேரும் சேர்ந்து வாசித்தோம், சேர்ந்தே சண்டையும் போட்டோம். குழுவைக் கலைத்த பிறகு டமாரம் இந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு இவ்வளவு ரோஷம் ஆகாது. போகட்டும். இந்த முறை பாட்டு, இசை, மிக்ஸிங் எல்லாம் நானே. மாடி அறையை ஸ்டூடியோவாக்கிவிட்டேன். பரணிலிருந்து என் முதல் கீபோர்டை இறக்கினேன். அதன் அடாப்டர் செத்துப்போயிருந்தது. மூலைக்கடையில் கிடைத்த ஒன்றை மாட்டினேன், உயிர் வந்துவிட்டது. எட்டுப் பாட்டிலும் அதுதான் கதாநாயகி.

போன் செய்யாதே. எனக்கு இப்போதெல்லாம் போனே பிடிப்பதில்லை. ஆளாளுக்கு வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள். எழுது.

முடிந்ததும் முதலில் உனக்குத்தான் அனுப்புவேன். சின்ன வயதில் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு "நல்லாவே இல்ல, போ" என்பாயே, அந்தத் தீர்ப்பு வேண்டும்.

அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணா,

உட்கார்ந்தே படித்தேன். சந்தோஷம். ஆனால் நான் சந்தேகப் பிராணி, அதனால் கேட்கிறேன்: "வேண்டாம்" என்று சொல்ல அந்த அறையில் யார் இருக்கிறார்கள்? டமாரம் கத்துவார், குச்சியைத் தூக்கி எறிவார், ஆனால் தப்பென்றால் தப்பென்று முகத்துக்கு நேரே சொல்வார். உன் நல்ல பாட்டுகளில் பாதி அந்தக் குச்சிக்குத் தப்பிப் பிழைத்தவை.

போன மாதம் நான் வந்திருந்தபோது அண்ணி சமையலறையிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "நான் கூப்பிட்டா மட்டும் உங்கண்ணனுக்குக் காது அடைச்சுடும்" என்றார். சிரித்தோம்.

மாமா பாட்டைத் தான்தான் முதலில் கேட்க வேண்டும் என்று என் மகள் இப்போதே சண்டைக்கு நிற்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை


ஏப்ரல் 20

வாத்தியாரம்மாவுக்கு,

முடிந்தது. பென் டிரைவ் இத்துடன்.

ரெக்கார்டிங்குக்கு வந்த இன்ஜினியர் தங்கமான ஆள். முதல் நாளே சட்டம் போட்டுவிட்டேன்: அறையில் யாரும் பேசக்கூடாது. வாசித்து முடித்ததும் திரும்பிப் பார்ப்பேன். பிடித்திருந்தால் கட்டைவிரல் மேலே, பிடிக்காவிட்டால் கீழே. கடைசி வரை ஒரு விரல்கூடக் கீழே இறங்கவில்லை. ஆல்பத்தை வெளியிடும் கம்பெனிக்காரர்கள் வந்து கேட்டார்கள். அவர்கள் விரலும் மேலேதான். இத்தனை நிம்மதியாக நான் வேலை செய்ததே இல்லை.

மே கடைசியில் வெளியீடு. மூன்றாவது வரிசையில் உனக்கும் என் மருமகளுக்கும் இடம் சொல்லிவைத்திருக்கிறேன். உன் தீர்ப்பை உடனே எழுது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, சிரிக்காதே.

அண்ணன்


ஏப்ரல் 26

அண்ணா,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு முறை கிழித்துப் போட்டுவிட்டேன்.

மகளும் நானும் ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் வரி வருவதற்குள் அவள் பிடுங்கி மேசையில் போட்டாள். "என்னம்மா இது, காதுல ஊசி குத்துற மாதிரி?" எனக்கும் கேட்டது. ஒரு விசில். மெல்லியது, உயரே, மிக உயரே. நீ வாசிக்கும் முன்பே தொடங்கி, கடைசிக் கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் நிற்காமல் போகிறது. எட்டுப் பாட்டிலும்.

பென் டிரைவில் கோளாறு என்று நினைத்து இன்ஜினியரைப் போனில் பிடித்தேன்.

"அதுவா மேடம்? அந்த அடாப்டர்லேருந்து வருது. முதல் நாள்லேருந்தே இருக்கே."

"நீங்க சொல்லலையா?"

"சார்தான் பேசவே கூடாதுன்னுட்டாரே. விசில் கேக்குதுன்னு கட்டைவிரல்ல எப்படி மேடம் சொல்றது?" கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அதோட, அவ்ளோ பெரிய ஆளு. நமக்குக் கேக்குறது அவருக்குக் கேக்காமலா இருக்கும்? வேணும்னேதான் வெச்சிருக்காருன்னு எல்லாரும் நெனச்சோம்."

போனை வைத்த பிறகுதான் புரிந்தது. உனக்குக் கேட்கவில்லை, அண்ணா. போன் பிடிக்காமல் போனதும் அதனால்தான். அண்ணி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்ததும் அதனால்தான். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மூன்றாவது பாட்டு என்னை அழவைத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியீட்டைத் தள்ளிவை. அடாப்டரை மாற்றிவிட்டு மறுபடி வாசி. அதற்கு முன் காதைக் காட்டு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தங்கை


மே 2

வாத்தியாரம்மாவுக்கு,

எட்டையும் மறுபடி கேட்டேன். விசிலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

நாம் படிக்க வேண்டுமென்று அப்பா சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு டிவி பார்ப்பாரே, சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே "டிவி ஓடுது" என்று கண்டுபிடித்த காது இது. இந்தக் காதை நம்பி நாலு குடும்பம் சாப்பிட்டது. நீ உன் காதைக் காட்டிக்கொள்.

பாட்டைப் பற்றி ஒரு வரி, விசிலைப் பற்றி ஒரு பக்கம். நன்றாயிருக்கிறது. தேதி மாறாது. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஆல்பத்தின் சொந்தக்காரன்


ஜூன் 4

தங்கச்சி,

நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். பேசாமல் போய்விட்டாய். உன் மீது தப்பில்லை, உன்னைக் கூப்பிட எனக்கும் முகமில்லை.

கேள்வி நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து என்னவோ கேட்டாள். வாய் அசைந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கூடமே என்னைப் பார்த்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ கட்டைவிரலைத் தூக்கினாய். "ஆமா" என்றேன். எதற்கு ஆமா என்று தெரியாமலேயே. கைதட்டினார்கள்.

மறுநாள் பேப்பரைப் பிரித்தேன். "எட்டுப் பாட்டையும் ஊடுருவிச் செல்லும் அந்த விசில் வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்டோம். ஆமாம் என்றார். தனிமைக்கு இப்படியொரு ஒலியை இதுவரை யாரும் தந்ததில்லை." அரைப் பக்கம் புகழ்ந்திருக்கிறார்கள். பேப்பரை உன் அண்ணியிடம் நீட்டி, "உனக்கும் கேக்குதா?" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் நிமிர்ந்து, என் முகத்துக்கு நேரே வந்து சொன்னாள்: "கீழ ஹால் வரைக்கும் கேக்கும். நீங்க அவ்ளோ ரசிச்சு வாசிச்சீங்க. எப்படிங்க சொல்றது?"

நேற்று டாக்டரிடம் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டுமாம். கொஞ்ச நேரம் அமுக்கினேன். பிறகு காத்திருந்தேன். கதவைத் திறந்து, "முடிஞ்சுது சார்" என்றார்.

"அடுத்தது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?" என்றேன்.

அவர் என் தோளில் கைவைத்தார்.

உயரத்தில் இருக்கிற சத்தமெல்லாம் போய் வருஷக்கணக்காகிறதாம். திரும்பி வராதாம். காதில் இயந்திரம் வைத்தால் பேச்சு கொஞ்சம் புரியுமாம். அவ்வளவுதான்.

நீ ஏன் விரலைத் தூக்கினாய்? நீ பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

இன்னொன்று. என் ஆல்பத்தை ஊரே கேட்டுவிட்டது, நான் மட்டும்தான் கேட்கவில்லை. அந்த விசில் எப்படி இருக்கும்? எழுது.

அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

விரலை நான் தூக்கவில்லை, அது தானாக எழுந்தது. மேடையில் நீ என்னைத் தேடியபோது உன் கண்ணில் இருந்த பயத்தை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. அந்த இன்ஜினியரை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கதவுக்கு வெளியே உட்காரமாட்டேன். உனக்கு எதிரில், ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்காருகிறேன். டமாரத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அந்த அடாப்டர நான்தான் ஒடைப்பேன், யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லு" என்றார். அவரும் வருகிறார்.

விசிலைப் பற்றிக் கேட்டாய். எழுதித் தெரியவைக்க வேண்டியதில்லை, உனக்குத் தெரிந்ததுதான். அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவி போடுவார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். நீ கீபோர்டை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவாய். "கேக்குதா?" என்பாய். எனக்கு ஒன்றும் கேட்காது. "மூச்சு விடாம கேளுடி" என்பாய். மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தால், மெல்ல, நூல் மாதிரி, அந்தப் பழைய டிவிப் பெட்டியின் கீச்சொலி சுவரைத் தாண்டி வரும்.

அதுதான் அண்ணா. அதேதான்.

உன் தங்கை