ராணியும் ஏழும்

ஜூன் 3

அன்புள்ள கண்ணாடிக்கு,

போனை எடுப்பதில்லை என்று நீ முடிவு கட்டிவிட்டதால் பேனாவைத் தேடிப் பிடித்து எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருந்தால் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரிக்காதே. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்குக் கடிதம் எழுத எங்கே வரும்?

ஓட்டல் அறை பரவாயில்லை, ஏசி மட்டும் பல்வலிக்காரன் மாதிரி முனகுகிறது. போக்கர் சீட்டாட்டம் நடக்கிற கூடம் கீழேயே இருக்கிறது. அந்தக் கம்பளத்தில் நடந்தால் கால் புதைகிறது. பெரிய போட்டி இருபதாம் தேதிதான். அதற்கு முன் சின்னதாக இரண்டு இருக்கின்றன. ஒன்றில் சீட்டைப் பார்க்குமுன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம் மெதுவாக ஏறும், நாள் முழுக்க இழுக்கும். இன்னொன்றில் நாம் யாரை வெளியே அனுப்பினாலும் தலைக்கு ஒரு பரிசு. இரண்டையும் எப்படி ஆடுவது என்று எழுது. போட்டிக்குத் தகுந்த மாதிரி ஆட்டத்தை மாற்றணும் என்று வாய் ஓயாமல் சொல்கிறவள் நீதானே. எனக்கு எல்லாச் சாலையிலும் ஒரே கியர்.

அன்று நடந்ததையே பிடித்துக்கொண்டு தொங்காதே. ஆட்டம் என்றால் ஒருத்தர் எழுந்துதான் போகணும். நம் வீட்டில் எந்தச் சண்டையானாலும் கடைசியில் நீ, சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விடுகிறவள் மாதிரி, "மடிச்சிட்டேன், போதுமா?" என்பாயே, அதைச் சொல்லிவிட்டு போனை எடு.

சாப்பிட்டாயா? உன் எக்ஸ்ரே அறைக் கதவு இன்னும் மாட்டிக்கொள்கிறதா?

உன்,
மாஸ்டர்


ஜூன் 8

மாஸ்டருக்கு,

சாப்பிட்டேன். கதவு அப்படியேதான் இருக்கிறது. முந்தாநாள் ஒரு நோயாளியோடு உள்ளே மாட்டிக்கொண்டேன். கால் உடைந்து வந்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

மெதுவான போட்டியில் அவசரம் வேண்டாம். கையில் பந்தயம் வைக்கிற சிப்ஸும் இருக்கும், நேரமும் இருக்கும். சுமாரான சீட்டை நம்பி மொத்தத்தையும் தள்ளாதீர்கள். உட்கார்ந்து எதிரே இருப்பவர்களைப் பாருங்கள். தலைக்குப் பரிசு உள்ள போட்டி வேறு மாதிரி. வழக்கமாக மடிக்கிற சீட்டோடும் அங்கே சில சமயம் துணியலாம், ஆளை வெளியேற்றுவதே லாபம் என்பதால். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்களுக்குக் கைவந்த கலை.

அன்று நடந்தது என்ன போட்டி? முதல் ஐந்து பேருக்கும் ஒரே பரிசு, பெரிய போட்டியில் ஓர் இடம். முதலாவதாக வந்தாலும் ஐந்தாவதாக வந்தாலும் அதே நாற்காலிதான். முந்தின நாள் சமையலறையில் நின்று படித்துப் படித்துச் சொன்னேன்: "இதுல ஜெயிக்கறது முக்கியமில்லைங்க, தப்பிக்கறதுதான் முக்கியம். கடைசி நேரத்துல ரெண்டு ஏஸ் வந்தாக்கூட மடிச்சிருங்க." பாத்திரம் துடைத்துக்கொண்டே "சரிங்க டீச்சர்" என்றீர்கள்.

ஆறு பேர் மிச்சம் இருந்தோம். மூலையில் இருந்த பல் டாக்டரிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி சிப்ஸ் இல்லை, அடுத்த சுற்றில் அவரே போயிருப்பார். நாலு பேர் மடித்தார்கள். நான் இரண்டு பத்தை வைத்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளினேன். நீங்கள் ஒன்றோடொன்று சேராத ராணியையும் ஏழையும் வைத்துக்கொண்டு சரிக்குச் சரி வைத்தீர்கள். தோற்றிருந்தால் உங்கள் சிப்ஸில் முக்கால்வாசி போயிருக்கும். மேஜையில் ராணி விழுந்து உங்களுக்கு ஜோடி சேர்ந்தது, நான் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு பஸ்ஸில் தனியாகத்தான் வந்தேன்.

ஊருக்கெல்லாம் பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறவர் நீங்கள்.

கண்ணாடி


ஜூன் 14

கண்ணாடிக்கு,

நீ ஏன் தள்ளினாய்? பல் டாக்டர் போகும்வரை நீயும் மடித்துக்கொண்டு இருந்திருக்கலாமே! புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மேஜையில் விட்டுக்கொடுத்து ஆடினால் அதற்குப் பெயர் கள்ள ஆட்டம். நான் நேர்மையாக ஆடினேன்.

மெதுவான போட்டியில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டேன். நீ சொன்னது நினைவிருந்தது, கை கேட்கவில்லை. இன்னொன்றில் மூன்று பேரை அனுப்பினேன், நாலாவது ஆள் என்னை அனுப்பிவிட்டான்.

இங்கே வந்தும் நிம்மதி இல்லை. சிப்ஸ் கொடுக்கிற பெண் "மேடம் வரலையா சார்?" என்கிறாள். சீட்டுப் போடுகிறவன் "நீங்க மேடத்தோட வீட்டுக்காரர்தானே?" என்கிறான். உன்னை முதன்முதலில் கூட்டிப்போய் மேஜையில் உட்காரவைத்ததே நான்தான். ஒரே ஒரு இடத்துக்காவது நான் தனியாக வரக் கூடாதா? எழுதிவிட்டேன், இனி இந்த வரியை அடிக்கப் போவதில்லை.

பெரிய போட்டியில் முதல் நாள் தோற்றால் இன்னொரு தரம் உள்ளே வரலாமாம். அதை எப்படி ஆடுவது? நாமும் அப்படி மறுபடி ஒரு தரம் உட்காரலாம், வா. கோபமாக இருந்தாலும் பதில் போடு. இந்த அறையில் பேச்சுத்துணைக்கு ஏசிதான் இருக்கிறது.

உன்,
மாஸ்டர்


ஜூன் 18

மாஸ்டருக்கு,

ஏன் தள்ளினாய் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அடுத்து முடிவு சொல்ல வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான், அதனால் தள்ளினேன். சலுகை எதிர்பார்க்கவில்லை. ராணியையும் ஏழையும் மடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று நம்பினேன். அந்த நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவர் இருந்திருந்தால் நானும் பத்தை மடித்துவிட்டுக் காத்திருப்பேன். பல் டாக்டர் போயிருப்பார், நானும் அங்கே வந்திருப்பேன்.

இத்தனை நாளும் அதைக் கணக்குத் தப்பு என்று நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். மனுஷனுக்குப் பதற்றம், சொல்லிக்கொடுத்தது மறந்துபோயிருக்கும் என்று எக்ஸ்ரே அறை இருட்டில் நானே உங்களுக்காக வாதாடினேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அதற்கும் வழியில்லை. அந்த வரியை அடிக்காமல் விட்டதற்கு நன்றி. சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு நன்றாகவே நினைவிருந்திருக்கிறது. நான் வரக் கூடாது என்பதற்காக உங்கள் இடத்தையே பணயம் வைத்திருக்கிறீர்கள்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இன்னொரு தரம் உண்டு என்று தெரிந்தவர்கள்தான் முதல் தரத்தை வீணாக்குவார்கள். உங்களுக்கு இருப்பது ஒரே நாற்காலி என்று நினைத்து உட்காருங்கள். பெரிய போட்டியில் அது உதவும். நம் வீட்டில் மறுபடி உட்காருகிற வசதி கிடையாது.

இன்று லீவு போட்டேன். உங்கள் சட்டைகளையெல்லாம் எடுத்துப் பெட்டியில் அடுக்கி, அத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். "அவன் ஜெயிச்சிட்டானாம்மா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னேன். நீலச் சட்டையில் பொத்தான் விட்டுப்போயிருந்தது, தைத்துவிட்டேன். உங்களிடம் இருக்கும் வீட்டுச் சாவியை அத்தையிடமே விட்டுவிடுங்கள்.

மடிச்சிட்டேன், மாஸ்டர். போதுமா?

இப்படிக்கு,
மேடம்