காலை ஏழு மணி, பேச்சு கிடையாது

மார்ச் 4

மைக் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே விட்டுப்போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இருந்தாலும் கேட்கிறேன். முட்டி வலி எப்படி இருக்கிறது? மேடைப் படி ஏற முடிகிறதா? போன மாதம் பல் டாக்டரின் இரங்கல் கூட்டத்தில் நீங்கள் ஒரு மணி நேரம் பேசினீர்களாம். அவரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள்கூட அழுதார்கள் என்று எங்கள் சலவைப் பிரிவில் பேசிக்கொண்டார்கள்.

நான் நலமில்லை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. கணையத்தில் கட்டி. டாக்டர் முதலில் இரண்டு மாதம் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்று என்றார். அவரோடு நான் சண்டை போடவில்லை, பாவம், சின்ன வயசு.

முப்பத்தொரு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை வெளுக்கிறேன். யார் எப்படிப் போனார்கள் என்று விரிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நான் எப்படிப் போக வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிட்டேன். மின்மயானத்தில் நேரடித் தகனம். காலை ஏழு மணி, அன்றைய முதல் வேளை. பார்வைக்குக் கிடத்துவது கிடையாது. கூட்டம், மாலை, போஸ்டர் எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரி வேன் டிரைவர் கொண்டுபோய் விடுவார். போர்த்த ஒரு வெள்ளை விரிப்பை நானே வெளுத்துத் தேய்த்து, என் அலமாரியில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

ஒரே சிக்கல் நீங்கள். நாம் சட்டப்படி பிரியவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன. படிவத்தில் கணவரின் கையெழுத்து இல்லாவிட்டால் உடலை மற்ற உறவினரிடம் ஒப்படைத்துவிடுவார்களாம். உறவினர் என்றால் என் அண்ணன். அண்ணன் என்றால் பந்தல், ஒலிபெருக்கி, நாற்காலி. அப்புறம் நடுவில் நீங்கள்.

படிவம் இணைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தயவுசெய்து, பேசாமல்.

இப்படிக்கு,
கஞ்சி
(நீங்கள் வைத்த பெயர்தான், மேடையை விடாத உங்களுக்கு நான் மைக் என்று வைத்த மாதிரி. கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக இருக்கிறேனாம். இன்னும் அப்படித்தான் இருக்கிறேன்.)


மார்ச் 11

கஞ்சிக்கு,

உன் கடிதத்தை நின்றபடி படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். மூன்றாம் தடவை படிக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வேறு டாக்டரைப் பார்த்தாயா? பார்த்திருப்பாய். நீ எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை.

ஆனால் இது என்ன பிடிவாதம்? பார்சல் அனுப்புவது போல உன்னை வேனில் ஏற்றி அனுப்பச் சொல்கிறாய். எனக்கு மனசு வரவில்லை. யார் யாருக்கோ பேசியிருக்கிறேன். முகமே தெரியாத மனிதர்களுக்குப் பேசியிருக்கிறேன். என் மனைவி போகிற அன்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றால் என்னை என்ன நினைப்பார்கள்? பத்து நிமிடம் கொடு. சரி, ஐந்து. கடிகாரத்தை உன் அண்ணன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. உனக்காக ஒரு பேச்சு எட்டு வருஷமாக எழுதி வைத்திருக்கிறேன். அவ்வப்போது திருத்துவேன். நான் எழுதியதிலேயே நல்லது அதுதான்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. நன்றாக யோசி.

இப்படிக்கு,
இன்னும் சட்டப்படி உன் கணவனாக இருக்கும்,
மைக்


மார்ச் 15

மைக் அவர்களுக்கு,

யோசித்தாகிவிட்டது. பதினெட்டு வருஷமாக யோசித்ததுதான்.

"என்னை என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சாகப்போகிறேன் என்று எழுதினால், உங்களை என்ன நினைப்பார்கள் என்று பதில் எழுதுகிறீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன். சிரித்தால் வயிறு வலிக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள்.

என் அம்மாவின் இறுதிச் சடங்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லாமல் இருக்காது, நீங்கள் பேர் வாங்கியதே அன்றைக்குத்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, வரிசையாகக் கண்ணை ஓட்டி, நேரம் பார்த்துப் பக்கம் திருப்புவாள். கையெழுத்தைப் படம் வரைகிற மாதிரிப் பழகி வைத்திருந்தாள். அறுபத்தாறு வயசு வரை ஒரு ஜீவனுக்குத் தெரியாமல் காப்பாற்றினாள். எனக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் தாங்காமல் உங்களிடம் சொன்னேன். தலையணைக்குத் தலையணை சொன்ன விஷயம் அது.

நீங்கள் அதை முந்நூறு பேர் முன்னால் சொன்னீர்கள். அழகாகச் சொன்னீர்கள், அதுதான் கொடுமை. பக்கம் திருப்புவதை நடித்தே காட்டினீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள், கடைசியில் கைதட்டினார்கள். என் அம்மா அங்கேதான் படுத்திருந்தாள். எழுந்து வாயைப் பொத்த அவளால் முடியவில்லை.

நான் போகிற அன்றைக்கு என்னாலும் முடியாது. அதனால்தான் இப்போதே பொத்துகிறேன்.

சொல்ல ஏதாவது இருந்தால் எனக்குக் காது கேட்கும்போதே சொல்லுங்கள். படிவம் மறுபடி இணைத்திருக்கிறேன்.

கஞ்சி


மார்ச் 29

கஞ்சிக்கு,

இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் நன்றாக வந்தது. நன்றாக வந்ததாலேயே கிழித்தேன். இது சுமாராகத்தான் இருக்கிறது.

அத்தைக்கு நான் செய்தது துரோகம். இதுவரை உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்த விஷயத்தைச் சொல்வதாகத் திட்டமே இல்லை. பேச்சு நடுவில் தொய்ந்தது, இரண்டு பேர் வாசல் பக்கம் பார்த்தார்கள். பயந்துபோய் அதை எடுத்துவிட்டேன். சிரிப்பு வந்ததும் நடித்துக் காட்டினேன். நீ எழுந்து வெளியே போனதையும் பார்த்தேன். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை, இன்னும் கொஞ்சம் நீட்டினேன். கைதட்டல் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு பிரதியிலும்.

உன்னை வந்து பார்க்கலாமா? வாயைத் திறக்க மாட்டேன்.

மைக்


ஏப்ரல் 20

மைக் அவர்களுக்கு,

நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனீர்கள், நாளையும் வருவீர்கள். இருந்தாலும் சில விஷயங்களை எழுத்தில்தான் சொல்ல முடிகிறது. நீங்கள் எதிரே இருந்தால் சண்டை வந்துவிடும்.

படிவம் முத்திரையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வாங்கியதும் ஐந்தாவது படிக்கிற பிள்ளை பரிசு வாங்கின மாதிரி இருந்தது. நர்ஸிடம் காட்டினேன். சலவைப் பெண்கள் வந்தபோது அவர்களிடம் காட்டினேன். உங்களோடு வாதாடி நான் ஜெயித்த ஒரே விஷயம், இதைக் கொண்டாடாமல் எதைக் கொண்டாடுவது?

வாயைத் திறக்க மாட்டேன் என்றீர்கள், முதல் மூன்று நாள் நிஜமாகவே திறக்கவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. நான்காம் நாள் நான்தான் அந்தப் பேச்சைப் படிக்கச் சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மைக் இல்லாமல் படித்தீர்கள். மூன்றாம் பக்கத்தில் நான் தூங்கிவிட்டேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினெட்டு வருஷத்தில் அப்படி நான் தூங்கியதில்லை. முழித்ததும் மீதியைக் கேட்டேன் அல்லவா? நல்ல பேச்சு. எனக்குப் பிடித்தது. நான் கேட்டாயிற்று, இனி வேறு யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தாள்களை விரிப்பின் மடிப்புக்குள் வைத்து என்னோடு அனுப்பிவிடுங்கள்.

தலையணை உறை மடிக்கச் சொல்லிக்கொடுத்தேன், இன்னும் மூலை சேரவில்லை. பழகுங்கள்.

அம்மா விஷயத்தில் மன்னித்துவிட்டாயா என்று நேற்று வாசலில் நின்று கேட்டீர்கள். பாதி மன்னித்துவிட்டேன். மீதிப் பாதி அன்று காலை ஏழு மணிக்கு.

கஞ்சி


மே 17

கஞ்சிக்கு,

மீதிப் பாதியைக் கேட்டு வாங்க எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஆறே முக்காலுக்கு வேன் மின்மயானத்துக்கு வந்தது. டிரைவர் ஒருவர், நான் ஒருவன், நீ. உன் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. நான் மடித்தால் அப்படி வராது. பேச்சை மடிப்புக்குள் வைத்தேன். பதினோரு பக்கம். பிரதி எடுக்கவில்லை, சத்தியமாக.

நாம் பயந்தபடியே ஆயிற்று. உன் அண்ணனுக்கு எப்படியோ தெரிந்து, எனக்கு முன்பே வாசலில் நின்றார். சரக்கு வண்டியில் நாற்காலிகளும் ஒலிபெருக்கியும் ஏற்றி வந்திருந்தார். அறுபது பேராவது கூடியிருந்தார்கள்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க. ரெண்டு வார்த்தை போதும்."

"இல்ல மச்சான். பேச்சு கிடையாது. அவ சொல்லிட்டா."

"பேச வரலையா? துக்கத்துல வராது, நான் ஆரம்பிச்சு வைக்கவா?"

"நல்லா வருது. அதனாலதான் பேசல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முத்திரை போட்ட படிவத்தைக் காட்டினேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஒலிபெருக்கியை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. நல்ல மனிதர்தான், நாம்தான் அவரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

உள்ளே இருந்த ஊழியர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். வழக்கமாக நான் ஏறி நிற்கும் சின்ன மேடையைத் துடைத்து வைத்திருந்தார். "ஐயாவுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கேன்" என்றார். கேட்டாயா, நீ தராத பத்து நிமிடத்தை அவர் தருகிறார். கால் தானாக அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தது, உன்னிடம் மறைக்க மாட்டேன். பல வருஷத்துப் பழக்கம். தொண்டைகூடத் தயாராகிவிட்டது. "வேண்டாம்பா, ஆரம்பிங்க" என்றேன். சரியாக ஏழு மணி.

உன் சலவைப் பெண்கள் யாரும் வரவில்லை, நீ விடுப்பு எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாய். ஏழு மணிக்கு எல்லா இயந்திரங்களும் வழக்கம்போல ஓடினவாம். மயானத்திலிருந்து நேராக அவர்களிடம்தான் போனேன். மடிக்கிற மேஜையில் இடம் கொடுத்தார்கள். நாற்பது உறை மடித்தேன், கடைசிப் பத்தில் மூலை சேர்ந்தது. இனிமேல் மேடை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் அங்கே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை உன் அலமாரியில், விரிப்பு இருந்த மேல் தட்டில் வைப்பேன்.

ஒன்றை மட்டும் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன். எல்லாம் முடிந்து நான் வெளியே வந்தபோது, அறுபது பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கும்பிட்டுவிட்டு, அவர்கள் நடுவில் நடந்து, தெருவுக்கு வந்துவிட்டேன்.

கஞ்சி, யாரும் கைதட்டவில்லை.

உன் கணவன்