பிளக் உன் பக்கம்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

சுற்றுலாக் கப்பலில் ஏறும்போதே என் எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சோதனையில் பிடுங்கிக்கொண்டார்கள். கட்டிலில் உன் பக்கம்தான் மெஷினுக்குப் பிளக் இருக்கிறது. அதனால் உன் இடத்தில் படுக்கிறேன்.

ஆமாம், என் குறட்டைக்காக நீ வாங்கித் தந்து, நான் பரணில் தூக்கிப்போட்ட அதே மூச்சு மெஷின்தான். முகமூடியை நானே கழுவிக் காயவைக்கிறேன். இப்போது சத்தமே இல்லையாம், பக்கத்து அறைக்காரர் சொன்னார்.

உன் அக்கா வீட்டில் நல்ல தூக்கமா?

அறையைச் சுத்தம் செய்பவர் மெஷினுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் கொண்டுவந்தார். "அம்மா எங்க சார்?" என்றார். டிக்கெட் இரண்டு பேருக்காயிற்றே.

"குளிச்சிட்டிருக்கா" என்று சொல்லிவிட்டேன்.

தினமும் உனக்கும் ஒரு துண்டு வைத்துவிட்டு, அதையே கேட்கிறார். இன்றும் நீ குளித்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

இப்படிக்கு,
உன் குறட்டைக்காரன்