வண்டி வீட்டில் கரண்ட் இல்லாத நாலு நாள்

கார்த்திகை 14, சனி

விடியும்போதே மழை. நேற்று சாயங்காலம் பிடித்தது, இன்னும் விடவில்லை. கரண்ட் ராத்திரி ஒன்பதுக்குப் போனது. மலை இருக்கிற பக்கம் வெறும் வெள்ளை. தீபத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை, பந்தல்காரர்கள் எல்லாம் கீற்றை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

கூரை தகரம். மழை விழுகிற சத்தத்தில் அவர் பேசுவது எனக்குக் கேட்பதில்லை, நான் பேசுவது அவருக்குக் கேட்பதில்லை. ஒரு வகையில் நல்லதுதான்.

இன்றைக்கு:
– இடதுபக்க ஜன்னல் ரப்பர் ஒழுகுகிறது. பழைய துண்டு.
– துணிக்கயிறு உள்ளேயே.
– சிலிண்டரை ஆட்டிப் பார்க்க.
– மெழுகுவத்தி, தீப்பெட்டி (நனையாமல்!)
– மகளுக்குப் போன், சார்ஜ் இருக்கும்போதே.

பேசியாயிற்று. பெங்களூரிலிருந்து கத்துகிறாள். "இதுக்குத்தான் வீட்ட காலி பண்ணாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்." அவள் சொல்வதும் நியாயம்தான். அவள் கல்யாணம் முடிந்த கையோடு வாடகை வீட்டை விட்டோம். இவர் பதினெட்டு வருஷம் ஓட்டிய ஸ்கூல் வேனையே விலைக்கு வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றி, கட்டில், அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ் வைத்து வீடாக்கினார். ராமேசுவரம், மைசூர், கோவா என்று ஊர் ஊராகப் போகலாம் என்றார். எட்டு மாதத்தில் போனது கீழ்பென்னாத்தூரில் அவர் அக்கா வீடு. இரண்டு தடவை. மற்றபடி செங்கம் ரோட்டில் இந்த கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால், தென்னைமரத்தடியில் நிற்கிறோம். நேற்றுக் காற்றில் மட்டை விழுந்ததும் வண்டியைக் கிளப்பி வேப்பமரத்துப் பக்கம் நிறுத்தினார். கோவாவுக்குப் போகாத வண்டி பத்தடி போயிருக்கிறது.

கூரை மேல் சோலார் தகடு இரண்டு. வெயில் இருந்தால்தானே. பேட்டரி மதியத்தோடு தீர்ந்தது. கெஸ்ட் ஹவுஸிலிருந்து இழுத்த ஒயரிலும் ஒன்றுமில்லை.

ஃப்ரிட்ஜில் என் இன்சுலின் பேனா மூன்று. ஒன்று திறந்தது, இரண்டு திறக்காதது. காலையிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது.

கார்த்திகை 15, ஞாயிறு

காற்று கம்மி. மழை ஜாஸ்தி. கரண்ட் இல்லை.

மோட்டார் ஓடாததால் கிணற்றில் வாளி விட்டு இழுத்தோம், நானும் மல்லிகா அக்காவும். அக்கா கெஸ்ட் ஹவுஸில் சமையல். மாடியில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரப் பெண் குடையோடு வந்து கரண்ட் எப்போது என்று கேட்டாள். அக்கா, "டுமாரோ". நேற்றும் டுமாரோதான்.

அக்காவின் ஃப்ரிட்ஜும் படுத்துவிட்டதால் மாவு பொங்கி வழிகிறதாம். ஒரு தூக்கு நிறையக் கொடுத்தாள். இட்லி, இட்லி, மறுபடி இட்லி. வீணாகக்கூடாது என்று ராத்திரி ஆறு சாப்பிட்டேன். எனக்கு மூன்றுதான் கணக்கு. அவரிடம் சொல்லவில்லை.

தயிர் எடுக்கிறேன் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தார். சண்டை. உள்ளே இருக்கிற கொஞ்ச நஞ்சக் குளிரும் போய்விட்டது. கையை விட்டுப் பார்த்தேன், வெளியே இருப்பதுபோலத்தான் இருந்தது. புது மருந்து வாங்கலாம் என்றால் வழக்கமான மெடிக்கலில் என்னுடைய வகை இல்லை, வேலூரிலிருந்து லோடு வரவில்லை என்கிறார்கள். வேலூர் ரோட்டில் தண்ணீர் போகிறதாம்.

அவர் யோசனை சொல்கிறார். பானையில் வைக்கலாம். ஈர மணலில் புதைக்கலாம். பிறகு, "மலைச் சுனையில தண்ணி இருக்கு பாரு, கை வெச்சா வெறச்சிப் போவும். ஒரு கேன் புடிச்சாந்தா போதும்."

ஏறுங்களேன், யார் வேண்டாம் என்றது என்றேன். மேலே மண் சரிகிறது, யாரையும் ஏற விடுவதில்லை என்று மல்லிகா அக்கா சொல்லியிருந்தாள். அது தெரிந்துதான் கிண்டலாகச் சொன்னேன்.

கார்த்திகை 16, திங்கள்

சாயங்காலம் ஆறரை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். முதலிலிருந்து எழுதினால்தான் மனசு அடங்கும்.

காலை சுகர் பார்த்தேன். கன்னாபின்னா என்று ஏறியிருந்தது. மருந்து கெட்டேவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். (ஆறு இட்லி ஞாபகத்துக்கே வரவில்லை. அல்லது வர விடவில்லை.) அழுகை, பிறகு கோபம். வண்டி, கோவா, கூரை, அவர் அக்கா, எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினேன். அவர் ரெயின்கோட்டை மாட்டினார். எங்கேயாவது ஐஸ் கிடைக்கும், பார்த்து வருகிறேன் என்றார். படியில் நின்று நான் சொன்னது: "ஐஸ் இல்லாம வராதீங்க."

வெளியே போகிற மனுஷனிடம் வராதே என்று யாராவது சொல்வார்களா? சொன்னேன். மொபெட் சத்தம் கேட் தாண்டிப் போயிற்று. மணி ஒன்பதரை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஃப்ரிட்ஜைத் துடைக்கலாம் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். மருந்து அட்டைப்பெட்டிக்குள் மடித்த காகிதம். இரண்டு வருஷமாக ஊசி போடுகிறேன், ஒரு நாளும் அதைப் பிரித்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். முப்பது டிகிரிக்குக் கீழே இருந்தால், வெளியே எடுத்த பேனா நான்கு வாரம் வரை தாங்குமாம். நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கியபடி இதைப் படிக்கிறேன். நான்கு வாரத்தில் மூன்று பேனாவும் தீர்ந்தே போகும்.

ஐஸே வேண்டாம். மருந்துக்கு ஒன்றுமில்லை. அப்பாடா என்று உட்கார்ந்தேன். அடுத்த நிமிஷமே, ஐயோ, இந்த மழையில் அவரைத் துரத்தி விட்டேனே என்று இருந்தது.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. ஸ்விட்ச் ஆஃப். என்னுடையதில் நான்கு சதவீதம். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. ஐஸ் தேட இவ்வளவு நேரமா?

இரண்டு மணிக்கு மல்லிகா அக்கா கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். ஆட்டோ பாபு கேட்டில் நின்று சேதி சொல்லிவிட்டுப் போனானாம். பாபு இவருக்குப் பழக்கம், அண்ணன் அண்ணன் என்பான்.

"அண்ணன் மலையேறிடுச்சாம். வர லேட்டாவும்னு வீட்ல சொல்லச் சொன்னாரு."

நான் வண்டிக்குள் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் கேன் இல்லை. நீல கேன், வாசல் பக்கம் எப்போதும் இருப்பது.

சுனைத் தண்ணீர். நான்தானே ஏறுங்கள் என்றேன். நான்தானே வராதீர்கள் என்றேன்.

குடை எடுத்தேனா, தெரியவில்லை. செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. ஆசிரமம் தாண்டி மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் கயிறு கட்டி ஒரு வனக்காவலர் நிற்கிறார். பாதை முழுக்கச் செம்மண் தண்ணீர் இறங்கி வருகிறது. மேலே எங்கேயோ கல் உருள்கிற மாதிரி ஒரு சத்தம். இடியா, கல்லா, தெரியவில்லை. யாராவது ஏறினார்களா என்று கேட்டேன்.

"நான் பத்து மணிக்குத்தாம்மா டூட்டிக்கு வந்தேன். அதுக்கு முன்னாடி யாரு ஏறுனா யாருக்குத் தெரியும்."

ஒன்பதரைக்குக் கிளம்பியவர். கணக்கு சரியாக இருந்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

கீழே குடிசைகளில் இருக்கிறவர்களைக் காலி செய்யச் சொல்வதற்காகக் கையில் பிடிக்கிற மைக் ஒன்று வைத்திருந்தார். "பேரச் சொல்லுங்கம்மா, கூப்பிட்டுப் பாக்கலாம்."

இருபத்தாறு வருஷத்தில் அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடக் கார்டைக் காட்டித்தான் பழக்கம். யாரும் சொல்லக்கூடாது என்று தடுத்ததில்லை, வரவில்லை, அவ்வளவுதான். காவலர் எனக்குக் காது சரியில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி கேட்டார்.

"குணசேகரன்" என்றேன்.

மழையில் காவலருக்குக் கேட்கவில்லை. கத்திச் சொன்னேன். பிறகு மைக்கை நானே வாங்கிக்கொண்டேன். குணசேகரன், குணசேகரன் என்று மலையைப் பார்த்து எத்தனை தடவை கூப்பிட்டேனோ. இறங்கி வாங்க என்று சேர்த்தேன். ஒன்றும் வேண்டாம், இறங்கி வாங்க. மருந்து நல்லா இருக்கு. மைக்கில்! செங்கம் ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

கேட்டிருக்கிறது. எவ்வளவு நேரமோ, பின்னாலிருந்து குரல்.

"ஏம்மா, என்னாத்துக்கு என்னை ஏலம் போட்டுக்கினு இருக்கற?"

ரெயின்கோட், மொபெட், நீல கேன், கேனுக்குப் பக்கத்தில் கோணிமூட்டை. ரோட்டில் வந்துகொண்டிருந்தாராம். யாரோ தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டுத் திரும்பினாராம்.

அடித்தேன். முதுகில் இரண்டு. பிறகு அவர் தோளில் சாய்ந்து அழுதேன். காவலர் மலைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார், நல்ல மனுஷன்.

நடந்தது இது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பாபுவைப் பார்த்து, போன் மலையேறிடுச்சு, வர லேட்டாகும்னு வீட்டில் சொல்லிடு என்றிருக்கிறார். இவர்கள் வீட்டில் விளக்கு அணைந்தது என்று சொல்லமாட்டார்கள், மலையேறிடுச்சு என்பார்கள். இவருக்கு பல்பும் மலையேறும், டார்ச்சும் மலையேறும், போனும் மலையேறும். பாபு ஆட்டோவுக்குள்ளிருந்து "அண்ணன் போன் மலையேறிடுச்சாம்" என்று கத்தியிருக்கிறான். போனை மழை விழுங்கிவிட்டது. அண்ணனும் மலையும்தான் மல்லிகா அக்கா காதுக்கு வந்து சேர்ந்தன. வேறு ஊராக இருந்தால் யார் மலை ஏறுவது என்று கேட்டிருப்பார்கள். இங்கே எதிரிலேயே நிற்கிறது.

டவுனில் ஐஸ் எங்கேயும் இல்லை. கீழ்பென்னாத்தூரில் பால் குளிர வைக்கிற இடத்தில் ஜெனரேட்டர் ஓடுவதாகக் கேள்விப்பட்டு அங்கே போயிருக்கிறார். போக வர நாற்பது கிலோமீட்டர், பாதி தூரம் முழங்கால் தண்ணீர், மொபெட்டைத் தள்ளிக்கொண்டு. பெட்ரோலுக்குத்தான் கேன். மூட்டையைப் பிரித்தால் தேங்காய் அளவு ஐஸ், உமி ஒட்டிக்கொண்டு.

மருந்து நல்லா இருக்கு என்று மைக்கில் கத்தினேனே, அது என்ன என்று கேட்டார். சும்மா, உங்களை இறக்குவதற்குச் சொன்னேன் என்றேன். காகிதத்தில் படித்ததைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? கால் இரண்டும் வெளுத்து ஊறிப்போயிருந்தது அவருக்கு. எவர்சில்வர் டப்பாவில் ஐஸைப் போட்டு, பேனா மூன்றையும் பாலிதீன் பையில் சுற்றி, ஐஸில் படாமல் துணி வைத்து மூடினேன். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இனிமே பயமில்ல" என்றார்.

இல்லை என்றேன்.

வந்துவிட்டார். வந்துவிட்டார். வேறென்ன எழுத.

கார்த்திகை 17, செவ்வாய்

மழை விட்டது. பதினொன்றரைக்கு வெயில் ஒரு கீற்று. சோலார் பெட்டியில் பச்சை விளக்கு. மூன்றே காலுக்குக் கரண்ட்! தெரு முழுக்க ஒரே நேரத்தில் மோட்டார் சத்தம். வெள்ளைக்காரப் பெண் மாடியிலிருந்து, "அக்கா, டுமாரோ வந்தாச்சு." தமிழில். மல்லிகா அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

துவைத்தது: பெட்ஷீட் 2, போர்வை, என் சேறு புடவை. ஒற்றைச் செருப்பை எறியவில்லை, இன்னொன்று கிடைக்கும் என்கிறார். எங்கே கிடைக்கும், செங்கம் போய்ச் சேர்ந்திருக்கும்.

சுகர் இறங்கிவிட்டது. மூன்று இட்லி.

மகளுக்குப் போன். மைக் விஷயத்தை அவரே சொல்லிவிட்டார். அவள் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. பேரைச் சொல்லி எத்தனை தடவைம்மா கூப்பிட்டே என்று என்னைக் கேட்டாள். எண்ணவில்லை என்றேன்.

கார்த்திகை 19, வியாழன்

நல்ல வெயில். மலை பளிச்சென்று இருக்கிறது, சரிந்த இடம் மட்டும் சிவப்பாக. கூரையில் அடைத்த தாரை அவர் சரிபார்க்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

மதியம் உள்ளே படுத்திருந்தேன். வெளியே வேப்பமரத்தடியில் அவரும் மல்லிகா அக்காவும். நான் தூங்குவதாக நினைத்துப் பேசுகிறார்கள்.

அவர்: "மெடிக்கல்ல அன்னிக்குக் காலையிலயே சொல்லிட்டாங்கக்கா. இந்தக் குளிருக்கு ஐஸே வேணாம், மருந்து வெளியவே இருக்கலாம்னு."

அக்கா: "அப்ப எதுக்குத் தம்பி கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போனே?"



அவர்: "நான் வந்து சொன்னா நம்புவாளா? மூஞ்சே சரியில்லக்கா அவளுக்கு. ஐஸக் கண்ணால பாத்தாதான் பயம் போவும்."

அசையாமல் படுத்திருந்தேன். தலையணை நனைந்தது. எழுந்து போய், எனக்கும் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

ஏழரைக்கு ஊசி. அவருக்கு ஊசி என்றாலே ஆகாது, நான் போடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பேனாவை அவர் கையில் கொடுத்து, இன்றைக்கு நீங்களே போடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். கை வலிக்கிறது என்று பொய் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, போட்டார். வலிக்குதா, வலிக்குதா என்று இரண்டு தடவை கேட்டார்.