ஆறு மாதுளை முத்து

ராயபுரம்,
12-8-1953

அஜீசுன்னிசாவுக்கு ஸலாம். நான் சுகம். உன் முழங்கால் வலியும் உன் அம்மாவும் எப்படி?

பீடிக் கம்பெனியில் ரஷீது கதை வாசிக்கிறான், அவன் பங்கு பீடியை நாங்கள் சுற்றுகிறோம். இப்போது யவன தேசத்துக் காதல் நாவல். பாதாள ராஜா ஒருத்தியைத் தூக்கிப்போய், அப்பப்பா, என்ன கொஞ்சல்! முத்தம் வந்ததும் நான் புகையிலை வைக்காமலே இருபது பீடி சுற்றிவிட்டேன்.

"இன்னா மாமு, உள்ளே வெறும் காத்துதான் கீது!" என்றார் மேஸ்திரி.

அவள் பாதாளத்தில் ஆறு மாதுளை முத்து தின்றதால், முத்துக்கு ஒரு மாதமாக, வருஷத்தில் ஆறு மாதம் புருஷனோடு இருந்தாளாம். நீயோ மூன்று வருஷமாக அம்மா வீட்டில். உன் தம்பி மஜீதிடம் ஒரு மாதுளை கொடுத்தனுப்புகிறேன். முழுசும் தின்றுவிட்டு அவனோடு ரயிலேறு. பொத்தான் தைக்க ஊசிநூல் எடுத்து வா.

ரஷீது புத்தகத்தைப் பிரித்துவிட்டான். உன் அம்மாவுக்கு ஒரு முத்தும் கொடுக்காதே, அவர்களும் கிளம்பிவிடுவார்கள்.

உன் பாதாள ராஜா,
ஹுமாயூன்