ஒரு நாளைக்கு ஒரு நல்ல சேதி

மார்ச் 3, செவ்வாய்

சகலருக்கும் இத்தால் அறியத்தருவது: கொழும்பு, வெள்ளவத்தை காலி வீதியில், மூன்றாம் மாடியில், பார்சல் கொம்பனி ஒன்றின் முறைப்பாட்டுப் பிரிவில், இன்று காலை 8.40 மணியளவில், லவன் ஆகிய எனக்கு மஞ்சள் நிறச் சிரிப்பு முகப் பேட்ஜ் ஒன்று அணிவிக்கப்பட்டது. வைபவத்தில் ஒன்பது பேரும் ஒரு பல்லியும் கலந்து சிறப்பித்தனர்.

ஏ/எல் பரீட்சை ரிசல்ட்ஸ் வரும்வரை வீட்டில் கிடக்காதே என்று அம்மா தள்ளிவிட்ட வேலை. காலையில் எல்லோரும் வட்டமாக நின்று ஆளுக்கொரு நல்ல சேதி சொல்ல வேண்டும். பொசிட்டிவ்வாக இருக்க வேண்டுமாம். கொரோனாக் காலத்தில் பொசிட்டிவ் என்றால் வீட்டுக்குள் பூட்டினார்கள். இங்கே பொசிட்டிவ் இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

"எங்கட லேன் நாய் இண்டைக்கு என்னைக் கடிக்கேல்ல" என்றேன். கைதட்டல். பேட்ஜ்.

மாட்டிக்கொண்டவர் பிறெடி அங்கிள். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். பதினொரு வருடமாக இங்கே. மனைவிக்குச் சிறுநீரகம் பழுது. அவரிடம் ஏது நல்ல சேதி? "ஒண்டும் இல்ல" என்றார். மேனேஜர் ஹரிசன் பைலில் குறித்தார். மூன்று தரம் அப்படிக் குறிபட்டால் தலைமையகத்தில் விசாரணை. அங்கிளுக்கு இது இரண்டாவது.

மார்ச் 5, வியாழன்

நல்ல சேதி சப்ளை ஆரம்பம். உரிமையாளர்: லவன்.

லிப்டுக்குள் வைத்து நான் எழுதிய கடதாசித் துண்டொன்றை அங்கிளின் கையில் திணித்தேன். வட்டத்தில் நின்று அதை அப்படியே சொன்னார்: "வைஃப் நேத்து மூணு இடியப்பம் சாப்பிட்டா." ஹரிசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தேநீர் நேரத்தில் கேட்டேன், "உண்மையில எத்தனை அங்கிள்?"

"எங்கடா மகன். ரெண்டு வாய் கஞ்சி." கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். "ஆனா சொல்லேக்க எனக்கே கேக்க ஆசையா இருந்திச்சு."

மார்ச் 11, புதன்

அங்கிளின் மனைவி நேசமலர் அன்ரியை நான் கண்டதே இல்லை. ஆனாலும் என் வைத்தியத்தில் நாளுக்கு நாள் தேறுகிறார். திங்கள் தன் கையால் தலை பின்னினார். நேற்றுச் செவ்வாய், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்தே போய்வந்தார். எந்த டாக்டரால் முடியும்? எல்லாம் ஹரிசனின் பைலில், திகதியோடு. எனக்கொரு வெள்ளைக் கோட் தைக்கக் கொடுக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

பார்சல் வரவில்லை என்று எழுபத்து நாலு அழைப்பு. எழுபது பேர் தமிழில் திட்டினார்கள். மிச்ச நாலு பேர் சிங்களத்தில் திட்டினார்கள்.

சிரித்துக்கொண்டே கதைக்க வேண்டுமாம், அது குரலில் தெரியுமாம். வீட்டுக்கு வந்தும் முகம் இறங்கவில்லை. "என்னடா இளிக்கிறாய்?" என்றார் அம்மா. பதில் சொல்லப் போய் அழுகை வந்தது. ஏன்? யாருக்காக?

மார்ச் 16, திங்கள்

அன்ரியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வியாழன் பத்து மணிக்கு ஒபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் இல்லை. அங்கிள் இரண்டு கிழமை லீவு கேட்டார்.

ஹரிசன் பைலைத் திறந்தார். எல்லோருக்கும் கேட்டது.

"அங்கிள், போன கிழமை கோயிலுக்கு நடந்து போனவ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? நான் அதைத் தலைமையகத்துக்கும் அனுப்பிப்போட்டன். இப்ப சாகக் கிடக்கிறா எண்டு நான் எப்பிடி எழுதுறது? ரெண்டு பேர் வேற வேலையை விட்டு நிண்டிட்டினம். லீவு ஏலாது."

அங்கிள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மூன்று இடியப்பம் என்று எழுதிய கை இது. என்ன செய்துவிட்டேன் நான்?

மார்ச் 17, செவ்வாய்

வரலாறு படைத்த நாள். ஹரிசனின் அறைக்குள் போனேன். மேசையில் ஓங்கித் தட்டினேன். "சேர், அந்தச் சேதியெல்லாம் என்ர கைச்சரக்கு. அங்கிளுக்கு லீவைக் குடுங்கோ, என்னை வேலையால நிப்பாட்டுங்கோ!" மனுசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நாளைக்குள் முடிவு சொல்வதாகச் சொன்னார்.

அங்கிளிடம் ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன். தலைமையகத்துக்கு நேரில் போய்க் கேட்கப் புறப்பட்டவர், பையைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"நீ கதைச்சிட்டா, பிறகென்ன மகன். பாத்துப் போவம்."

மார்ச் 18, புதன்

முடிவு வரவில்லை. அங்கிள் மூன்று தரம் என்னைப் பார்த்தார். நான் ஹெட்செட்டைப் பார்த்தேன்.

மார்ச் 19, வியாழன்

அங்கிள் வந்திருந்தார். முடிவு கேட்டுக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருப்பார். ஹரிசன் வட்டத்தைக் கூட்டினார்.

"உங்கட நல்ல சேதி, அங்கிள்?"

"ஒண்டும் இல்ல தம்பி."

மூன்றாவது குறி. அங்கிள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவைச் சுருட்டி, ஹரிசனின் பைலுக்கு மேலே வைத்தார். லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. படியால் இறங்கிப் போனார்.

அடுத்தது என் முறை.

"வெளியில நல்ல வெயில், சேர்" என்றேன்.

கைதட்டினார்கள்.

மார்ச் 27, வெள்ளி

அங்கிள் எனக்குப் போன் எடுத்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பத்தேகாலாம். அன்ரியை உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம்.

"கடைசி வரைக்கும் என்னைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தாளாம், நர்ஸ் சொன்னா. இப்ப கண் முழிச்சிட்டாள். ஆனா நான் ஆரெண்டு அவளுக்குத் தெரியேல்லடா மகன்."

எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"நீ ஒருத்தன்தான் எனக்காகக் கதைச்ச. அதை அவளிட்டச் சொன்னன். விளங்கிச்சோ தெரியா."

ஓம் அங்கிள் என்றேன். வேறென்ன சொல்ல?

பதினேழாம் திகதி எழுதியதை இப்போதுதான் திரும்ப வாசித்தேன். மேசையில் தட்டினேனாம். அறைக்குப் போனது மட்டும்தான் உண்மை. அதுவும் வாசல்வரைக்கும்.

"என்ன லவன்?" என்று கேட்டார் ஹரிசன். அன்பாகத்தான் கேட்டார்.

"ஏசி குளிருது, சேர்."

எழும்பி வந்து, தன் கையாலேயே குறைத்துவிட்டார். தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்து என் இடத்தில் இருந்தேன்.